உளவளத்துணை நாடும் எம்மவரும் மொழிபெயர்க்கும் பிள்ளைகளும்

(பார்க்டேலில் நடைபெற்ற பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் கணினித் துறையிற் பணியாற்றுபவன். உளவியல் பயின்றவன் அல்லன். ஆங்கிலம் பேசத் தயங்கும் எம்மவருக்குத் துணையாகச் சென்றுவரும் தொண்டன் என்ற அளவிலேயே பேசுகிறேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயாரை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். மருத்துவரோ அவருடைய 12 வயது மகனையே மொழிபெயர்க்கச் சொன்னார். இரவில் உலங்குவானூர்தி பறந்தால் தாம் மீண்டும் பதுங்குகுழிக்குள் இருப்பதாகவும், தம்பியின் உடல் கண்முன் வருவதாகவும் தாயார் கூறினார். "அம்மாவுக்கு நித்திரை வருவதில்லை" என்று மட்டும் மகன் ஆங்கிலத்திற் சொன்னான். நித்திரைக் குளிசை எழுதிக் கொடுக்கப்பட்டது. நானும் வாய் திறக்கவில்லை. அது என் தவறு.

மோர்ட்டன் பைசர் முதலானோர் ரொறன்ரோத் தமிழரிடையே நடத்தி 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 12 விழுக்காட்டினர் போர் போன்ற பேரிடர்களின் பின் தோன்றும் மனவடு நோயை வாழ்வில் அனுபவித்தோராகக் காணப்பட்டனர். அவர்களுட் சிகிச்சை பெற்றோர் மிகச் சிலரே. "விசர்" என்னும் பழிச்சொல்லுக்கு அஞ்சியதே காரணம் என்போம். அது பாதி உண்மை. சென்றவர்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பது மறுபாதி.

அதே தாயார் பின்னர் ஒரு சமூக சுகாதார நிலையத்தில் உளவளத்துணையாளர் ஒருவரைக் கண்டார். அவர் முதலில் நோயைப் பற்றிக் கேட்கவேயில்லை. உங்களை எவ்வாறு அழைக்கலாம்? அருகில் யார் இருக்க விரும்புகிறீர்கள்? இவ்வூர்த் தமிழர் ஒருவர் மொழிபெயர்க்கலாமா, அல்லது வேற்றூரிலிருந்து தொலைபேசியில் ஒருவர் வேண்டுமா? எம் சமூகம் சிறியது. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அதே முகங்கள். தாயார் தொலைபேசிக் குரலையே தெரிந்தார். தம் அக்காவை உடன் வைத்துக்கொண்டார். உமது துன்பத்திற்கு நீர் என்ன பெயர் சொல்வீர் என்று கேட்டபோது, "பயம் ஏறுது" என்றார். அச்சொல்லே குறிப்பேட்டில் எழுதப்பட்டது.

ஹார்லீன் அண்டர்சன், ஹரல்ட் கூலிசியன் என்னும் அமெரிக்கர் இருவர் 1992இல் எழுதிய கட்டுரையொன்று, தம் வாழ்வைப் பற்றி நன்கறிந்தவர் துணைநாடி வந்தவரே என்றது. எங்கள் துறையிலும், பயன்படுத்துவோரைக் கேளாமற் செய்த மென்பொருள் பெரும்பாலும் அலமாரியிலேயே கிடக்கும். ஆயினும் கேட்டுச் செய்வது என்பதனால் உளவளத்துணையாளர் தம் அறிவை மூட்டை கட்டி வைப்பதில்லை. உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்பார். மருந்து தேவையெனில் மருத்துவரிடம் அனுப்புவார்.

இந்தப் பார்க்டேலுக்கு இது புதிதன்று. 1850இல் குயின் வீதியில் திறக்கப்பட்ட மனநோய் வைத்தியசாலையிலிருந்து 1970களிலும் 80களிலும் வெளியே விடப்பட்ட பலர் இங்குள்ள வாடகை அறைகளில் ஒதுங்கினர். அவர்களுக்காக 1980இல் தோன்றிய 'பார்க்' என்னும் நிலையத்தில் வருவோர் நோயாளர் எனப்படுவதில்லை; உறுப்பினர் எனப்படுகின்றனர். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டவர், கணவரைப் பிரிந்து வாழும் பெண், தன் பாலினத்தவரையே விரும்பும் இளைஞர் ஆகியோருக்கும் இந்த மரியாதை வேண்டும். முதலில் நம் வீட்டிலேயே வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு சொல். தனியார் உளவியலாளரின் கட்டணத்தை ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதி ஏற்பதில்லை. சமூக சுகாதார நிலையங்களில் உளவளத்துணை இலவசம். சுகாதார அட்டை இல்லாதோரும் செல்லலாம். 2023 நவம்பரில் தொடங்கிய 988 என்னும் தற்கொலைத் தடுப்பு இலக்கம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலுமே இயங்குகிறது. தமிழுக்காக நாம் கோரிக்கை எழுப்ப வேண்டும்.

இளையோர்களே, உங்களை மொழிபெயர்க்கச் சொன்னால், "உரைபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லுங்கள். அந்த மகன் இப்போது பல்கலைக்கழகத்தில் பயில்கிறான். அன்று அம்மா சொன்னது முழுவதும் தனக்கு விளங்கியதென்றும், அதற்கான ஆங்கிலமும் தெரிந்திருந்ததென்றும், வாய்தான் வரவில்லையென்றும் சென்ற மாரியில் என்னிடம் கூறினான்.

உரைபெயர்ப்பாளரைக் கோருவதில் உதவி வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரலாம்.