கிராம வைத்தியரும் ஆராய்ச்சியும்

(திருவண்ணாமலையில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம் பிள்ளைகள் வைத்தியப் பட்டம் பெறுவது கண்டு களிக்கின்றோம். ஜவ்வாது மலைமேல் தனித்திருந்து சிகிச்சை செய்யும் இளைஞர், தாம் கண்ட நோயைப்பற்றி யாருடன் கலந்து பேசுவார்?

உண்ணிக் காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். பலருக்கு அக்குளிலோ அரையிலோ சுட்ட புண்போல் கறுத்த வடு ஒன்றிருக்கும். அதைக் கண்டுகொண்டால் டாக்ஸிசைக்ளின் என்னும் மலிவான மருந்தே உயிர் காக்கும். காணாவிடில் சாதாரண சுரமென்றே நாள் கழிந்து பிராணாபாயம் நேரும். ஒருவர் காண்பது இரண்டு மூன்று நோயாளிகளே. பத்து வைத்தியர் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தாலன்றோ எந்தச் சிற்றூரில், எந்த மாதத்தில் அந்நோய் மிகுகின்றதென்பது விளங்கும்!

ஜெர்மனி தேசத்து ராபர்ட் காக் சிற்றூர் வைத்தியராயிருந்தே அடைப்பான் நோய்க் கிருமியை ஆராய்ந்தார். 1876-ல் அதைப் பிரெஸ்லௌ நகரத்துப் பேராசிரியர் கோனிடம் கொண்டுபோய்க் காட்ட, அவர் தம் பத்திரிகையில் வெளியிட்டார். கேட்பதற்கு ஒரு கோன் வேண்டுமே!

திருநெல்வேலி ஜில்லா கல்லூரில், சென்னைத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையோடு கிராம சுகாதார ஆராய்ச்சி நிலையம் ஒன்றுண்டு. கல்லூர் எங்கே, நம் ஜமுனாமரத்தூர் எங்கே! ஆனால் இவ்வூரிலேயே அரசாங்க வைத்தியக் கல்லூரி இருக்கின்றது. மாதம் ஒரு ஞாயிறு நம் கட்டிடத்தைத் திறந்துவிட்டு, கல்லூரி ஆசிரியர் ஒருவரை அழைத்து, கிராம வைத்தியர்கள் தத்தம் குறிப்புகளை வாசிக்கச் செய்யலாம். நம்மவர் மட்டுமன்றி யாவரும் வரலாம். வழிச்செலவும் மத்தியான போஜனமும் சங்க நிதியைச் சேர்க. ஒரு கல்யாண மேளச் செலவுகூட ஆகாது. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர அனுமதி கோருகின்றேன்.