கடமானைக் காணப் புறப்படுவோர்க்கு

வேட்டைக்குப் போகிறவனுக்குத் துப்பாக்கியைக் காட்டிலும் துணிமூட்டையே முக்கியம் என்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் அது பழைய வேட்டைக்காரர்கள் நன்கறிந்த உண்மை. இலங்கை மலைகளில் வேட்டையாடிய ஆங்கிலேயர் 'எல்க்' என்று அழைத்தது அமெரிக்காவின் எல்க் மானை அன்று. நம் மலைகளிலும் வாழும் கடமானையே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் அவ்வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று வனத்துறையின் அனுமதி பெற்று, வழிகாட்டியுடன் சென்று, கடமானைக் கண்டு மட்டும் திரும்புகிறோம். துப்பாக்கி போயிற்று, மூட்டை போகவில்லை.

மதுரைச் சமவெளி கடல்மட்டத்துக்குச் சற்றேறக்குறைய 100 மீட்டர் மேலே இருக்கிறது. வையை பிறக்கும் மேகமலைப் பகுதியோ 1,500 மீட்டரை எட்டுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். சித்திரை வெயிலுக்கு இதமான நம் பருத்தித் துணி, மலையில் நனைந்துவிட்டால் எளிதில் உலராது, உடற்சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளியோ ஈரத்திலும் ஓரளவு கதகதப்புத் தரும். ஆகவே உள்ளே ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை, அதன்மேல் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டு என்று கொள்க. ஏறும்போது வியர்வை பெருகுமுன் ஒன்றைக் கழற்றலாம்; அமர்ந்து காத்திருக்கும்போது மீண்டும் அணியலாம். ஒரே தடித்த கோட்டினால் இந்த வசதி கிட்டாது.

பாதரட்சை புதிதாக இருத்தலாகாது. ஊரிலேயே பல நாள் அணிந்து பழகியதே மலையில் காலைக் கடியாது. மழைக்காலத்தில் அட்டைகள் மிகுதி. நீண்ட காலுறையைக் கால்சட்டையின் மேல் இழுத்துவிடுவது நலம்.

கடமானின் மூக்கு மிகக் கூர்மையானது. எனவே அத்தரும் வாசனைச் சோப்பும் வேண்டா. மதுரை மல்லிகைக்கும் ஒரு நாள் ஓய்வு தர, சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். வெண்மையும் நீலமும் மானின் கண்ணுக்கு எளிதில் புலப்படும். காய்ந்த இலையின் நிறமே ஏற்றது.

இனி நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. 2018 மார்ச் 11 அன்று, போடிநாயக்கனூருக்கு அருகே குரங்கணி மலையில் பற்றிய தீயில், நடைப்பயணம் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்றோர் பலர் நம் மதுரை அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவரப்பட்டனர். நைலான் போன்ற செயற்கைத் துணி தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் புல் காய்ந்து கிடக்கும் காலத்தில், காற்றோடு வரும் தீயிலிருந்து எந்த ஆடையும் நம்மைக் காக்காது. மாசி, பங்குனியில் மலையேறாதிருப்பதே காப்பு. மற்றக் காலங்களிலும் வழிகாட்டி "திரும்புங்கள்" என்றால், கடமானைக் காணாவிடினும் அக்கணமே திரும்ப வேண்டும்.

மூட்டையில் எதை மறந்தாலும் வழியில் எவரிடமேனும் இரவல் பெறலாம். அந்தப் பணிவை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டு செல்ல வேண்டும்.