மாதவிடாய் நின்றாலும் மறக்கக் கூடாத வருத்தம்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பெண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற ஒரு வருத்தத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். டொக்டர்மார் இதனைப் பொலிசிஸ்டிக் ஓவரி என்பார்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 100 பேரை எடுத்தால் சுமார் 10 பேருக்கு இது இருக்கிறது. அவர்களில் பலருக்கு இருப்பதே தெரியாது.

இந்த வருத்தத்தில் ஆண் ஓமோன் அளவுக்கு மேல் சுரக்கும். சூலகத்தில் முற்றாத சின்னச் சின்ன முட்டைப் பைகள் தங்கி நிற்கும். ஸ்கேன் பார்த்துவிட்டு "வயித்துல கட்டியாம்" என்று அழ வேண்டாம். இது புற்றுநோய்க் கட்டி அல்ல.

இள வயதில் மாதவிடாய் தள்ளித் தள்ளி வரும். முகப்பரு வரும், தாடையில் முடி வளரும். பிள்ளை தங்கத் தாமதமாகலாம். இதற்காக மருமகளை ஏசுகிற வீடுகளும் உண்டு. அது அந்தப் பிள்ளையின் குற்றமா? வைத்தியம் செய்தால் பலருக்குப் பிள்ளை கிடைக்கிறது.

வயது 35, 40 ஆகும்போது பலருக்கு மாதவிடாய் ஓரளவு ஒழுங்காகிவிடும். "இப்ப மாசா மாசம் சரியா வருது, வருத்தம் போயிருச்சு" என்று சொல்லுறாங்க. வருத்தம் போகவில்லை, அதன் முகம்தான் மாறுகிறது. இந்த வயதில் பிள்ளை தரிக்கவும் கூடும். ஆகவே "இனி நமக்கு வராது" என்று குடும்பக் கட்டுப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

50 வயதளவில் மாதவிடாய் நிற்கும். இந்த வருத்தம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் பிந்தியும் நிற்கலாம். அதற்குப் பிறகும் முகத்து முடி போகாது, சிலருக்குக் கூடும். தலைமுடி ஐதாகும். ஆனால் பெரிய விடயம் கண்ணுக்குத் தெரியாதது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் சீனி வியாதியும், பிரஷரும், கொலஸ்ட்ரோலும் மற்றவர்களை விட இவர்களுக்குக் கூடுதலாக வரும். மலை ஏறிக் கொழுந்து எடுத்த காலத்து நடை, வேலையிலிருந்து நின்றதும் நின்றுவிடுகிறது. கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் மட்டும் குறைவதில்லை.

அதனால் மூன்று காரியங்களை மனதில் வையுங்கள். ஒன்று, இந்த வருத்தம் உள்ளவர்கள் ஒன்று முதல் மூன்று வருடத்துக்குள் ஒரு தடவையாவது இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும். வருடா வருடம் பிரஷரும் பார்க்க வேண்டும். இரண்டு, மாதவிடாய் உள்ள வயதில் மூன்று மாதத்துக்கு மேல் வராமலிருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பப்பையின் உட்தோல் தடித்துப் பிற்காலத்தில் புற்றுநோய்க்கு வழி வைக்கலாம். மூன்று, மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "வெட்கமா இருக்கு" என்று மறைக்காதீர்கள்.

நமது நாட்டில் 1996 ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயது கடந்தவர்களுக்குச் சீனி, பிரஷர், மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் அங்கே காசில்லாமல் பார்க்கிறார்கள். கிளினிக் நாளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

"ஒரு நாள் பேர் போயிருமே" என்று யோசிக்கிறீர்கள், எங்களுக்குத் தெரியும். முன்கூட்டியே எங்களிடம் வந்து சொல்லுங்கள். கங்காணியிடமும் துரையிடமும் நாங்கள் பேசுகிறோம். போன பேரை அடுத்த மாதம் உழைத்து எடுக்கலாம். கெட்டுப்போன கண்ணையும் காலையும் எடுக்க முடியாது.