மங்கிய முகப்பு விளக்கு

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி செல்லும் பெருஞ்சாலையில் எங்கள் காடாம்புலியூர் அமைந்துள்ளது. சுற்றிலும் முந்திரித் தோப்புகள். இரவில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கின்றி ஊர்ந்து செல்வதுண்டு. மாடுகள் சாலையிலேயே படுத்திருப்பதுமுண்டு. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 20 மீட்டரைக் கடக்கிறது. விளக்கொளி எட்டும் தூரம் 20 மீட்டர் குறையுமாயின், ஓட்டுநர் உயிர்காக்கும் ஒரு நொடியை இழக்கிறார். அதனாலேயே பழைய காரின் மங்கிய முகப்பு விளக்கை வீட்டிலேயே துலக்கும் முறையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

பழைய அம்பாசிடரின் விளக்குமுகம் கண்ணாடியால் ஆனது, அது மஞ்சளிப்பதில்லை. பின்னர் வந்த கார்களில் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் இடம்பெற்றது. 1953ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல் என்பாரும், அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் என்பாரும் தனித்தனியே கண்டறிந்த பொருள் இது. எடை குறைவு, கல் பட்டாலும் எளிதில் உடையாது. எனினும் இதற்கு ஒரு பகை உண்டு. சூரியனின் புறஊதாக் கதிர்கள் இதன் மூலக்கூறுகளைச் சிதைத்து மஞ்சளாக்குகின்றன. இதைத் தடுக்கவே தொழிற்சாலையில் மெல்லிய காப்புப் பூச்சு இடுகின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல வெயிலும் புழுதியும் அப்பூச்சை அரித்துவிடுகின்றன. பின்னர் ஒளி நேரே செல்லாது சிதறுகிறது. எதிரே வருபவரின் கண்ணும் கூசுகிறது.

இனிச் செய்முறையைக் காண்போம். மங்கல் உட்புறத்தில் நீர்த்துளியாக இருப்பின், தேய்த்துப் பயனில்லை; நீர் புகும் வழியை அடைக்க வேண்டும். மங்கல் வெளிப்புறத்தில் இருப்பின், சோப்பு நீரால் நன்கு கழுவி, சுற்றியுள்ள பெயிண்டின்மேல் ஒட்டுநாடா ஒட்டுங்கள். 1000 எண் வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து, ஒரே திசையில் தேயுங்கள். முதலில் மஞ்சள் நீர் வடியும். அது வெண்மையாகும்வரை தேய்க்க வேண்டும். பிறகு 2000 எண் தாளால் குறுக்குத் திசையிலும், அதன்பின் 3000 எண் தாளாலும் தேயுங்கள். இப்போது விளக்குமுகம் பால்போல் வெளுத்திருக்கும். அஞ்ச வேண்டா, ரப்பிங் காம்பவுண்டை மென்துணியில் எடுத்துத் துலக்கினால் தெளிந்துவிடும். தின்னரைமட்டும் தொடாதீர்கள், அது இந்தப் பிளாஸ்டிக்கில் வெடிப்பை உண்டாக்கும்.

பலரும் இத்துடன் வேலை முடிந்ததென்று எண்ணுகின்றனர். பற்பசையால் தேய்த்து மகிழ்வோரும் உளர். ஆனால் சில மாதங்களிலேயே மங்கல் மீளும். காரணம் எளிது. தோல் நீக்கிய முந்திரிப்பருப்பைக் காற்றுப்புகாத டின்னில் அடைக்காவிட்டால் நமத்துப்போவதை எங்கள் ஊர்ச் சிறுவரும் அறிவர். அவ்வாறே, தேய்க்கும்போது பழுதுற்ற மேற்பரப்புடன் எஞ்சியிருந்த காப்பும் போய்விடுகிறது. ஆதலின், ஈரமும் தூசியும் இன்றித் துடைத்தபின், புறஊதாக் கதிரைத் தாங்கும் தெளிவான பூச்சை மெல்லியதாக இட்டு நிழலில் உலரவிட வேண்டும். இப்பூச்சே வேலையின் உயிர்.

உள்ளிருக்கும் எதிரொளிப்பான் கருகியிருந்தால், வெளியே எவ்வளவு தேய்த்தாலும் ஒளி பெருகாது. விளக்கையே மாற்ற வேண்டும். எனவே முதலில் பழுதின் இடத்தை அறியுங்கள், பின்னர்க் கைவையுங்கள். இன்றேனும் உங்கள் வீட்டுக் காரின் விளக்கைப் பகலொளியில் ஒருமுறை உற்று நோக்குங்கள்.