ஏட்டில் கற்றது லயத்தில் உதவுமா?

(பதுளையில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் சமூகப்பணி மாணவரின் களப்பயிற்சி என்னவாயிற்று என்பதுபற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். "படிக்கிற பிள்ளைகளின் விவகாரம் நமக்கெதற்கு?" என்று உங்களிற் சிலர் எண்ணலாம். நான் சொல்லுகிறேன்: இது லயத்தில் வாழ்வோரின் விவகாரம்.

சமூகப்பணியாளர் என்போர் யார்? அடிபடும் மனைவிக்கும், பள்ளியை விட்டு நின்ற சிறுவனுக்கும், ஓய்வூதியப் பத்திரம் புரியாத முதியவருக்கும் துணை நிற்கும் பயிற்சி பெற்றவர். அப்பயிற்சியிற் பாதி வகுப்பறையில், மறுபாதி மக்களிடத்தில். சேற்றில் இறங்காதவனுக்கு உழவு வருமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

1952ஆம் ஆண்டிலே கொழும்பில் சமூகப்பணிக் கல்விக்கென ஒரு நிறுவனம் தோன்றியது. இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம் என வழங்குவது அதுவே. அதே ஆண்டிலே மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சென்னையில் சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1948இல், மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டுவிட்டது. நாடு நலப்பணி கற்கத் தொடங்கிய வேளையில், நலம் மிகத் தேவைப்பட்ட மக்கள் நாடற்றவராக நின்றனர்! பிரதேச சபைகள் தோட்டத்துக்குள்ளும் தங்கள் பணிகளைச் செய்யச் சட்டம் திருத்தப்பட்டது 2018இலேதான். தோட்டத்தின் வாயில் அத்தனை காலம் அடைத்துக் கிடந்தது.

இந்நிலையிலேதான் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன, மாணவர் வீடு திரும்பினர். வகுப்புகள் இணையவழி ஏறின. களப்பயிற்சி எப்படி ஏறும்? உலகெங்கும் இதே சிக்கல்தான். அமெரிக்காவில் இளமாணிப் பட்டத்துக்கு 400 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும்; அவ்வாண்டில் 340 மணி போதுமென்று இளக்கினார்கள். பல நாடுகளில் மாணவர் தொலைபேசியில் பேசியும், அறிக்கை எழுதியும், கற்பனை வழக்குகளை ஆராய்ந்தும் மணிக்கணக்கை நிரப்பினர்.

மணிக்கணக்கு நிரம்பியது, அனுபவம் நிரம்பியதா?

பசறையிலோ அப்புத்தளையிலோ உள்ள ஒரு லயத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே அறை, அதிலே ஒரு குடும்பம். கைத்தொலைபேசி ஒன்றே, அதுவும் கணவன் கையில். "அம்மா, வீட்டில் உங்களுக்கு ஏதேனும் தொல்லை உண்டா?" என்று தொலைபேசியிலே கேட்டால், பக்கத்தில் அவன் நிற்க, அந்தத் தாய் என்ன சொல்வாள்? "ஒன்றுமில்லை" என்பாள். மாணவர் "தொல்லை இல்லை" என்று எழுதிக்கொள்வார். நேரே சென்றிருந்தாலோ, பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் வேளையில், பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விடும் வேளையில், அவள் வாய் திறந்திருப்பாள். களம் என்பது இதுதான், தோழர்களே!

இணையம் இம்மலைகளில் எப்படிக் கிடைத்தது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். 2021இல், நமது பதுளை மாவட்டத்து லுணுகலைப் பகுதியில், தேயிலைத் தோட்டத்திலே மரத்தின்மேற் கட்டிய பரணில் ஏறிப் பிள்ளைகள் பாடம் பெற்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. பாடத்துக்கே மரம் ஏற வேண்டிய இடத்தில், துயரைக் கேட்க எந்த மரத்தில் ஏறுவது?

இன்னொன்றையும் கவனியுங்கள். நாடு அடங்கியிருந்த நாளிலும் கொழுந்து எடுப்பது நிற்கவில்லை. அந்நியச் செலாவணிக்காகத் தோட்டம் திறந்திருந்தது. கொழும்பிலே கடைகளில் வேலையிழந்த நம் இளைஞர் லயங்களுக்குத் திரும்பி வந்தனர். உண்ணும் வாய் பெருகியது, வருவாய் பெருகவில்லை. சமூகப்பணியாளர் வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டென்றால் அதுவே. அக்காலத்திலேதான் அப்பணி கற்போர் களத்தை விட்டு அகற்றப்பட்டனர்.

"மாணவரை நோயின் வாயில் தள்ளச் சொல்கிறீரா?" என்று கேட்பார்கள். இல்லை. கிராம உத்தியோகத்தர் சென்றார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சென்றார், மருத்துவமாது சென்றார். தக்க காப்புடன் அவர்களோடு ஒரு மாணவரைச் சேர்த்திருக்கலாம். தோட்டத்திலிருந்து படிக்கச் சென்று ஊரடங்கினால் வீடு திரும்பிய பிள்ளைக்குக் களம் எங்கே? அவள் படுத்துறங்கிய லயத்தின் மறு காம்பராவிலே இருந்தது! களமென்றால் தலைநகரத்து அலுவலகமே என்று எண்ணிப் பழகியதாலன்றோ அருகிலிருந்த களம் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று?

இடர் முடிந்துவிட்டதென்று உறங்க முடியாது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் மீண்டும் இம்மலைகளைச் சரித்தது. பெற்றோரை இழந்த பிள்ளையிடம் அதன் மொழியிலே பேசி, அதன் துயரறிந்து வழிகாட்டத் தெரிந்தவர் எத்தனை பேர் நம்மிடம் உள்ளனர்?

ஆதலின் நமது கோரிக்கைகள் நான்கு. ஒன்று: 2020, 2021ஆம் ஆண்டுகளில் களப்பயிற்சி குறைந்து பட்டம் பெற்றோருக்கு, பணியில் அமர்ந்தபின்னும் அக்குறையை நிரப்பும் பயிற்சி வேண்டும், பிழை அவர்களுடையதன்று. இரண்டு: ஊவாவின் தோட்டங்கள், மருத்துவமனைகள், பிரதேச செயலகங்களில் தமிழறிந்த மேற்பார்வையாளரோடு நிலையான பயிற்சிக் களங்கள் அமைய வேண்டும். மூன்று: தோட்ட நிருவாகங்கள் இம்மாணவருக்கு வாயிலை அடைத்தலாகாது. நான்கு: அடுத்த தொற்றோ சரிவோ வருமுன்பே, மாணவரை அவரவர் ஊரிலேயே பணியில் அமர்த்தும் திட்டம் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இவற்றை நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேளுங்கள். கற்றவர்களே, மேற்பார்வையாளராக முன்வாருங்கள். தாய்மார்களே, நாளை ஒரு பெண்பிள்ளை குறிப்பேட்டோடு உங்கள் லயத்து வாசலில் வந்து நின்றால், "உள்ளே வா மகளே" என்று அழைத்து ஒரு கோப்பைத் தேநீர் கொடுங்கள். அவள் ஏட்டில் இல்லாத பாடம் உங்களிடந்தான் இருக்கிறது.