சிறிய காரியாலயமும் பெரிய அச்சுப்பொறியும்



நில அளவையாளர், படவரைஞர், கட்டட ஒப்பந்தகாரர் முதலியோர் இருவரையோ மூவரையோ துணைக்கொண்டு நடத்தும் சிறிய காரியாலயங்கள் இன்று நம் நாட்டின் பட்டினங்கள் பலவற்றிலும் உள. அவற்றை நடத்துவோரிற் பலர் நம் பாடசாலைகளிற் பயின்று வெளியேறிய இளைஞரே. தொழில் சற்றுத் தளிர்த்தவுடன் அவர்தம் மனத்தில் ஒரு வினா எழுகின்றது. பெரிய வரைபடங்களை அச்சிடும் பொறியொன்றை நாமே வாங்கிக்கொள்ளலாமா என்பதே அவ்வினா. வங்கியிற் கடன்பட்டோ வீட்டிலுள்ள நகையை ஈடு வைத்தோ வாங்கப்படும் பொருளாதலின் அது சிறிய வினாவன்று. எந்தப் பொறி சிறந்தது என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன், எந்தப் பொறி நமக்கு உகந்தது என்று நம்மையே கேட்டுக்கொள்ளும் முறையைச் சிறிது ஆராய்வோம்.

பெரிய தாளிற் படியெடுக்கும் தேவை புதிதன்று. 1842 ஆம் ஆண்டில் ஜோன் ஹேர்ஷல் என்னும் ஆங்கில விஞ்ஞானி, இரும்புச் சேர்வைகள் பூசிய தாளில் ஒளியைப் படவிட்டு நீல நிறப் படியெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அந்த நீலப்படி நெடுங்காலம் பொறியியலாளரின் மேசையை ஆண்டது. பின்னர் அமோனியா ஆவியின் துணையாற் படியெடுக்கும் முறை வந்தது. கணினியின் ஆணைப்படி பேனாவொன்று தாளின்மேல் ஓடிக் கோடு வரையும் கருவி 1959 இல் வெளிவந்தது. இன்று கடையில் ‘புளொட்டர்’ எனக் கேட்டால் அவர்கள் காட்டுவது பேனா பிடித்த அக்கருவியன்று. சுருளாக வரும் தாளின்மேல் நுண்ணிய மைத்துளிகளைத் தெளிக்கும் பொறியே. பெயர் மட்டும் பழையதாய் நிற்கின்றது.

முதற்கண் எண்ணவேண்டியது நாம் அச்சிடப்போவது யாது என்பது. வீட்டுப் படமும் காணிப் படமும் கோடுகளாலானவை. அவற்றுக்கு வேண்டுவது மெல்லிய கோடு கலங்காது நிற்றல், நிறங்களின் பொலிவன்று. பாடசாலைச் சுவரில் தொங்கும் தேசப்படத்துக்கோ நிறமும் வேண்டும், ஆண்டுகள் சென்றாலும் வெளிறாமையும் வேண்டும். தெருவோரத்தில் மழையிலும் காற்றிலும் நிற்கும் விளம்பரத் திரை வேறு மைக்கும் வேறு பொறிக்கும் உரியது. அது வேறொரு தொழில். இம்மூன்றையும் ஒரே பொறி குறைவறச் செய்யும் என்று கூறுவோரிடம் எச்சரிக்கையாயிருத்தல் நன்று.

மையிலும் இரு வகை உண்டு. நீரிற் கரைந்த சாய மை ஒளிமிக்க நிறம் தரும். ஆயினும் ஈரம் பட்டாற் படரக்கூடும். நுண்டுகள்கள் மிதக்கும் நிறமி மை ஈரத்தையும் ஒளியையும் கூடுதலாகத் தாங்கும். வேலைத்தலத்தில் மேசனின் வியர்வைக் கைகளிற் புழங்கும் படத்துக்கு நிறமி மையே தக்கது. கறுப்புக்கு நிறமியும் ஏனைய நிறங்களுக்குச் சாயமும் இடும் பொறிகளும் உள்ளமையால், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே விசாரித்தறிதல் வேண்டும்.

இரண்டாவதாக எண்ணவேண்டியது அகலம். ஏ0 என்னும் தாள் 841 மில்லிமீற்றர் அகலமும் 1189 மில்லிமீற்றர் நீளமும் உடையது. அதன் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர். அதனிற் பாதி ஏ1. ஏ1 இற் பாதி ஏ2. சிறு காரியாலயங்களை நோக்கி விற்கப்படும் பொறிகள் பெரும்பாலும் 24 அங்குலம் அல்லது 36 அங்குலம் அகலமுடையவை. 24 அங்குலம் என்பது 610 மில்லிமீற்றர். ஏ1 தாளின் குறுகிய பக்கம் 594 மில்லிமீற்றராதலின் அது இச்சுருளில் அடங்கும், வீணாவதும் சிறிதே. 50 மீற்றர்ச் சுருளொன்றில் 59 ஏ1 படங்கள் எடுக்கலாம். ஏ0 வேண்டுவோர்க்கே 36 அங்குலப் பொறி வேண்டும். ஆண்டு முழுவதிலும் ஐந்தோ ஆறோ ஏ0 படங்கள் மட்டும் வருமாயின், அவற்றுக்காகப் பெரிய பொறியை வாங்கி அறையிற் பாதியை அதற்கு ஒப்படைத்தல் விவேகமாகாது. அந்த ஐந்தாறு படங்களையும் பட்டினத்து அச்சகத்திற் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, இவையனைத்திலும் முதன்மையானது, அளவின் நேர்மை. கடைக்காரர் அங்குலத்துக்கு 1200 புள்ளி, 2400 புள்ளி என எண்களை அடுக்குவார். அங்குலத்துக்கு 600 புள்ளியாயினும், ஒரு புள்ளிக்குரிய இடம் ஏறத்தாழ 0.04 மில்லிமீற்றரே, கால் மில்லிமீற்றர்த் தடிப்புள்ள கோடு ஆறு புள்ளிகளால் அமையும். காணிப் படத்துக்கு இதுவே போதும். நாம் கேட்கவேண்டிய எண் வேறு. நீண்ட கோடொன்றை அச்சிட்டால் அதன் நீளம் எவ்வளவு பிழைபடும் என்பதே அது. நூற்றுக்கு 0.1 வரை வழு இருக்கலாம் என உற்பத்தியாளர் தம் விவரத்தாளிற் குறிப்பதுண்டு. 800 மில்லிமீற்றர்க் கோட்டில் அது 0.8 மில்லிமீற்றர். 1:1000 என்னும் அளவுத்திட்டத்தில் அந்த 0.8 மில்லிமீற்றர் நிலத்தில் 80 சதமமீற்றராகிவிடுகின்றது. வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டமைக்காகத் தலைமுறை தலைமுறையாய் வழக்காடும் நம்மவரிடையே 80 சதமமீற்றர் சிறிய தூரமன்று.

படத்தில் எழுதிய எண்களே செல்லும், படத்தை அளந்து தூரம் காணலாகாது என்பது தொழிலறிந்தோர் விதி. ஆயினும் காணி உறுதியோடு இணைந்த படத்தைக் கையில் வைத்திருப்பவர் அடிமட்டத்தை எடுத்து அளந்துபார்க்கவே செய்வர். மேலும், பொறியின் வழுவினும் பெரிய வழு மனிதரால் நேர்வது. ‘தாளுக்குப் பொருத்துக’ என்னும் கட்டளையை அறியாது இட்டுவிட்டாற் கணினி படத்தைச் சுருக்கிவிடும்; 1:1000 என்ற எழுத்து மட்டும் மாறாது நிற்கும். எழுத்துப் பொய்யாகும் அவ்விடத்தில், படத்தின் ஓரத்தில் வரைந்த நேர்கோட்டு அளவுத்திட்டம் படத்தோடு தானும் சுருங்கி உண்மையைக் காட்டும். ஆதலின் அதனை ஒருபோதும் விடலாகாது.

நான்காவதாக எண்ணவேண்டியது செலவு. ஆனையைக் கட்டுதல் எளிது. தீனி போடுதலே அரிது. கணக்கிற்காக ஒரு பொறியின் விலை ஆறு இலட்சம் ரூபா என்றும், அது ஐந்து ஆண்டு உழைக்கும் என்றும் கொள்வோம். 60 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதத்துக்குப் பதினாயிரம் ரூபா. மாதம் 200 படம் அச்சிடுபவர்க்கு ஒரு படத்தின்மேல் விழுவது 50 ரூபா. மாதம் 20 படமே அச்சிடுபவர்க்கு அது 500 ரூபா. மையும் தாளும் திருத்தச் செலவும் வட்டியும் இதற்கு மேலானவை. இவற்றையெல்லாம் கூட்டி, பட்டினத்து அச்சகம் ஒரு படத்துக்குக் கேட்கும் தொகையோடு ஒப்பிடுக. கூட்டுத்தொகை மிகுமாயின், பொறியை வாங்காமையே சிறந்த கொள்வனவு.

குறைவாக அச்சிடுபவர்க்கு இன்னுமோர் இடர் உண்டு. மைத்துளியைத் தெளிக்கும் துளைகள் தலைமயிரினும் நுண்ணியவை. நாட்கணக்கிற் பயன்படுத்தாது விட்டால் மை உலர்ந்து அவற்றை அடைத்துவிடும். அடைப்பை நீக்குவதற்குப் பொறி தானே மையைச் செலவிட்டுத் துப்புரவு செய்யும். எனவே வேலையில்லாத மாதத்திலும் மை தீர்ந்துகொண்டிருக்கும். அச்சுத் தலையை உரிமையாளரே மாற்றக்கூடிய பொறியா, அன்றித் தொழில்நுட்பவியலாளர் வந்து மாற்றவேண்டிய பொறியா என்பதை வாங்குமுன்னரே கேட்டறிக.

ஐந்தாவது, நம் நாட்டு நிலைமை. 2022 ஆம் ஆண்டின் அனுபவத்தை எவரும் மறந்திருக்கமாட்டார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினாற் கடதாசி கிடையாமல், அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. மின்சாரமும் நாளொன்றிற் பல மணி நேரம் தடைப்பட்டது. மையும் உதிரிப் பாகங்களும் கடல் கடந்தே வரவேண்டிய நாட்டில், ஒரேயொரு விற்பனையாளரிடம் மட்டும் மை கிடைக்கும் பொறியை வாங்குபவர் தம் தொழிலை அவர் கையில் ஒப்படைத்தவராவார். மின்தடையைச் சிறிது நேரம் தாங்கும் மின்கலக் கருவியொன்றையும் பொறியின் விலையோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும். கரையோரப் பட்டினங்களில் வாழ்வோர் தாட்சுருளைப் பிளாஸ்ரிக் உறையினுள் இட்டு நிலத்தில் படாது வைத்தல் நன்று. ஈரம் ஊறிய தாள் நீண்டுகொடுக்கும். நீண்ட தாளில் அளவும் நீளும்.

இவற்றையெல்லாம் எண்ணி வாங்கவே துணிந்துவிட்டீர்களாயின், கடைக்காரர் அச்சிட்டுக் காட்டும் வண்ண மலர்ப் படத்தைக் கண்டு மயங்காதீர்கள். உங்கள் சொந்த வரைபடமொன்றைக் கொண்டு செல்லுங்கள். அதில் 500 மில்லிமீற்றர்க் கோடொன்றைக் குறுக்காகவும் மற்றொன்றை நெடுக்காகவும் வரைந்திருங்கள். அச்சிட்ட பின் உருக்கு அளவுகோலால் இரண்டையும் அளந்துபாருங்கள். மிக மெல்லிய கோட்டையும் மிகச் சிறிய எழுத்தையும் ஊன்றி நோக்குங்கள். பின்னர் ஈர விரலால் ஒருமுறை தடவிப்பாருங்கள். கடைக்காரரின் ஒரு மணி நேரப் பேச்சினும் இந்தக் கால் மணி நேரச் சோதனை கூடுதலாகக் கூறும்.

பொறியின் பெருமை வாசலிலே பலர் காண நிற்பதில் இல்லை. அதிலிருந்து வெளிவரும் தாளை நம்பி ஒருவர் அத்திவாரம் வெட்டுகின்றார். ஒருவர் எல்லைக் கல் நாட்டுகின்றார். ஒரு தாய் தன் பிள்ளைகளுக்குக் காணியைப் பகிர்ந்து கொடுக்கின்றாள். அந்நம்பிக்கைக்கு உரிய தாளை, கடன் சுமை தொழிலை விழுங்காத வகையிற் கொடுக்கும் பொறி எதுவோ அதுவே நமக்கு உகந்தது. அது நம் அறையில் நின்றாலும் ஒன்றே; அடுத்த தெரு அச்சகத்தில் நின்றாலும் ஒன்றே.