கல்லுடைத்த கைகளும் மிதிவண்டிக் கைப்பிடியும்



புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தன்னவாசல் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்க் குன்றின் மேல், ஏழடிப்பட்டம் என்று மக்கள் வழங்கும் குகைத்தளத்தில், பாறையிற் படுக்கை வெட்டி, அதன் ஓரத்தில் தமிழ் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய எழுத்து அது. தமிழின் தொன்மை பேசுவோர் யாரும் அக்கல்வெட்டைச் சொல்லாமல் விடுவதில்லை, சொல்லத்தான் வேண்டும்.

அதே மாவட்டத்தில் வேறொரு காட்சியும் இருந்தது. வெயிலிற் குந்தியிருந்து, பாறைத் துண்டுகளைச் சம்மட்டியால் உடைத்துச் சல்லியாக்கும் பெண்கள். கூலிக் கணக்கில் அவர்கள் பெயருக்கு நேரே கட்டைவிரல் மை. 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அம்மாவட்டப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பாதிக்கும் குறைவு. கல்லில் தமிழ் எழுதிய மண்ணில், கல்லையே நாளெல்லாம் கையாண்ட பெண்ணுக்குத் தமிழ் எழுதத் தெரியவில்லை.

இது யார் குற்றம் என்று கேட்டால், வடமொழியைச் சொல்வர் சிலர். ஆங்கிலத்தைச் சொல்வர் சிலர். அவற்றுக்கும் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும், 'பெட்டைப் பிள்ளைக்கு எழுத்தெதற்கு?' என்று கேட்டவன் தமிழிலேதான் கேட்டான். அந்தக் கணக்கை வேறெவர் தலையிலும் ஏற்ற இயலாது.

இதே புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர்தாம் மருத்துவர் முத்துலெட்சுமி. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஆண்களோடு படிக்கச் சேர்ந்த முதற்பெண் அவர். எதிர்ப்புகளைத் தாண்டி மருத்துவரானார். 1927இல் சென்னைச் சட்டமேலவையின் துணைத்தலைவரானார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழக் கரணியமாக இருந்தார். அவர் பெயரை நாடறியும். இன்றைய பேச்சோ, பெயரை எந்தக் கல்லிலும் காணமுடியாத பெண்களைப் பற்றியது. களையெடுப்பவர், நாற்று நடுபவர், சல்லியுடைப்பவர், மணிக்கற்களுக்குப் பட்டை தீட்டுபவர், நண்பகலுணவு சமைப்பவர், ஊர்ப்புறச் செவிலியர் ஆகியோரே இதில் வருபவர்கள். 1991, 1992 ஆகிய இரண்டாண்டுகளில் அவர்கள் ஒரு மாவட்டத்தின் தெருக்களை வேறாக்கினார்கள்.

1990ஆம் ஆண்டு சேரநாட்டு எறணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டறிவின் துணையோடு, 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த சீலா இராணி சுங்கத் அம்மையார் அதனைத் தம் பணியாகவே மேற்கொண்டார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் பள்ளியாசிரியர்களும் தோள் கொடுத்தனர். ஆனால் ஆட்சியரின் ஆணையால் மட்டும் ஓர் எழுத்தும் யார் கைக்கும் வந்துவிடாது. கற்பித்தவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்களுள் மிகப் பலர் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டோ, இடையில் விட்டுவிட்டோ வீட்டிலிருந்த இளம்பெண்கள். கற்க வந்தவர்களுள்ளும் பெரும்பகுதியினர் பெண்களே.

அவர்கள் எப்பொழுது கற்றார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமந்து, கூழோ சோறோ ஆக்கிவைத்து, காட்டுக்கோ கல்லுடைக்கும் குழிக்கோ போய், பொழுது சாயத் திரும்பி, மறுபடியும் அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் சோறிட்ட பிறகு எஞ்சியிருந்த பொழுது எதுவோ, அதுதான் அவர்களுக்கு வாய்த்த பள்ளிநேரம். திண்ணையும் மரத்தடியும் தெருவிளக்கின் அடியுமே பள்ளிக்கூடம். பலகையிற் குச்சி பிடிக்கையில் விரல் வளையாது. சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல் அது. பெற்ற மகளே அருகிலிருந்து அம்மாவின் கையைப் பிடித்து எழுதப் பழக்கிய வீடுகளும் இருந்தன. அகவை முதிர்ந்த பெண்ணை 'இந்த வயதில் என்ன படிப்பு?' என்று எள்ளுவதற்கும் ஊரில் ஆளுக்குக் குறைவில்லை.

குழந்தைகளுக்குச் சொல்லித் தருவதுபோல் 'அ, ஆ' என்று நெடுங்கணக்கு வரிசையில் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. முழுச்சொல்லைக் காட்டி, அதைப் பற்றிப் பேசவைத்து, பிறகு அதனை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டினார்கள். முதற்பாடத்தில் வந்த சொற்கள் 'பட்டா', 'படி' என்பன. பட்டா தூய தமிழ்ச்சொல் அன்றே, நிலவுரிமைச் சீட்டு என்று வைத்திருக்கலாகாதா என்று மொழியன்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சுளிப்பது முறையே. ஆனால் அந்தச் சொல்லை எழுத்தாக அறியும் முன்னரே அவள் வாழ்க்கையாக அறிந்திருந்தாள். தன் குடும்பத்துக்கு இல்லாத ஒன்றின் பெயர் அது. அதை வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது முழுவதும் அவளால் பேச முடிந்தது. அவள் கைப்பட எழுதிய முதற்சொல்லைத் திருத்த விரும்புவோர், அவள் எழுதும்வரை பொறுத்திருக்க வேண்டாவா?

எழுத்து ஒருபுறம் நடக்க, மற்றொருபுறம் எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அதுதான் மிதிவண்டி.

இயக்கத் தொண்டர்கள் ஊரூராகச் செல்ல வேண்டும். பேருந்தோ நாளைக்கு ஒரு முறை, இரு முறை வருவது. சில ஊர்களுக்கு அதுவும் இல்லை. ஆண் தொண்டர் மிதிவண்டியில் ஏறிப் போய்விடுவார். பெண் தொண்டர் அண்ணனையோ கணவனையோ எதிர்நோக்கி வாயிலில் நிற்பார். அப்படியானால் பெண்களும் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளட்டுமே என்ற எண்ணம் எழுந்தது. எண்ணம் எளிது. ஆனால் அந்நாளில் ஊர்ப்புறத்தில் ஒரு பெண் மிதிவண்டியில் ஏறினால் தெருவே நின்று பார்க்கும். காதால் கேட்கத் தகாத சொற்கள் பின்னாலிருந்து வரும். அடக்கமில்லாதவள் என்று பெயர் சூட்டுவார்கள். இசுலாமியக் குடும்பத்துப் பெண்களுக்கு இந்தத் தடை இன்னும் இரட்டிப்பு, அவர்களும் ஏறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி முகாம்கள் நடந்தன. ஊர்ப்புறப் பெண்கள் நல்ல புடைவை உடுத்துக்கொண்டு திருவிழாவுக்கு வருவதுபோல் வந்தார்கள். விழுந்தார்கள், முழங்கை தேய்ந்தது, மறுபடியும் ஏறினார்கள். கற்றுக்கொண்டவள் அடுத்தவளுக்குக் கற்பிக்க நின்றாள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவளும் பெண், ஏறி மிதித்தவளும் பெண். முத்து பாசுகரன் என்னும் இயக்கத் தொண்டர் இதற்கென்றே பாட்டுக் கட்டினார். அது மாவட்டமெங்கும் பரவியது. அப்பாட்டிலும் 'சைக்கிள்' என்ற சொல்தான். மிதிவண்டி என்னும் நல்ல சொல்லை ஆக்கியவர்கள் அதை ஏட்டில் வைத்தார்கள். அப்பெண்களின் தெருவரைக்கும் எடுத்துச் சென்றிலர். அதற்காக ஏறியவளைக் குறைகூறல் ஆகாது.

1992ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் உலக மகளிர் நாளன்று 1,500 பெண்களுக்கு மேல் மிதிவண்டியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு, புதுக்கோட்டை நகருக்குள் ஊர்வலமாக வந்தார்கள். இவ்வரலாற்றைச் சில ஆண்டுகள் கழித்து நேரிற் சென்று ஆய்ந்து எழுதிய செய்தியாளர் சாயிநாத், பொதுக் காட்சிகளிலும் போட்டிகளிலும் வந்து ஓட்டிக் காட்டிய பெண்களே 70,000 பேருக்கு மேல் என்று பதிவு செய்திருக்கிறார். வைப்பகங்கள் பெண்களுக்கு மிதிவண்டி வாங்கக் கடன் தருமாறு ஆட்சியர் செய்தார். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம், இயக்கப் பெண்களுக்கென 50 மொபெட் வண்டிகளை ஒதுக்கியது.

கடைகளில் மகளிர் மிதிவண்டிகள் கிடைக்காத அளவுக்குத் தீர்ந்துபோயின. பெண்கள் ஆண்கள் ஓட்டும் வண்டியை வாங்கினார்கள். தட்டுப்பாட்டினால் அப்படிச் செய்தார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அவர்களுள் பலர் அதையே விரும்பவும் செய்தனர். ஆண்கள் வண்டியில் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு குறுக்குத் தண்டு உண்டு. அதன்மேல் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம்! பின்தாங்கியில் தண்ணீர்க் குடமோ, சந்தைக்குப் போகும் காய்கறி மூட்டையோ, முன்தண்டில் பிள்ளையோ என்று வீட்டையே ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டியை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பாராத பயன் அது.

மிதிவண்டியால் கிடைத்த ஊதியம் என்ன என்று கேட்பார்க்குக் கணக்குச் சொல்லலாம். விளைந்ததை விற்கப் போகும் பெண் பேருந்துக்காகக் காத்து நிற்பாள்; பேருந்து நிறுத்தத்துக்குச் செல்லவே ஒருவர் துணை வேண்டும்; விற்றும் விற்காமலும் ஓடிவர வேண்டும், ஏனெனில் தண்ணீர் எடுக்கவும் பிள்ளையைப் பார்க்கவும் வேறு ஆளில்லை. வண்டி வந்தபின் இன்னும் இரண்டு ஊர் சுற்றி விற்கலாம். விருப்பமான நேரத்தில் திரும்பலாம். காசு மிச்சம், பொழுது மிச்சம். ஆயினும் அப்பெண்கள் தாங்களாக எடுத்துச் சொன்னது இந்தக் கணக்கை மட்டுமன்று. எவரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. ஆண்மகனுக்கு இது விளங்குவது சற்றுக் கடினம். அவன் ஒருநாளும் கேட்டுக்கொண்டு நின்றதில்லை.

இனிக் கல்லுடைக்கும் குழிக்கு வருவோம். 'குவாரி' என்று மக்கள் சொல்லும் அந்தக் குழிகளின் குத்தகை வழிவழியாகப் பணமுள்ளவர்களின் கையில் இருந்தது. முன்பணம் வாங்கிய குடும்பம் அந்தக் கடன் தீரும்வரை அங்கேயே உடைக்க வேண்டும். கடன் எவ்வளவு, தீர்ந்தது எவ்வளவு என்பதைக் கணக்கெழுதுபவனே அறிவான். எழுத்தறியாதவளுக்கு அந்தக் கணக்கேடு பூட்டிய பெட்டி. ஆட்சியர் அரசுத் திட்டமொன்றின் வழியே கல்லுடைக்கும் பெண்களைக் குழுக்களாக்கி, குழிகளின் குத்தகையை அவர்களுக்கே கொடுக்கச் செய்தார். முன்பு குத்தகை எடுத்தவர்கள் அதனால் மகிழ்ந்திருக்க மாட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

குத்தகை கைக்கு வந்ததும் எழுத்தின் தேவை ஒரே நாளில் விளங்கிவிட்டது. எத்தனை வண்டிச் சுமை ஏறிற்று, எந்த வண்டிக்கு நடைச்சீட்டுக் கொடுத்தாயிற்று, யாருக்கு எத்தனை நாட் கூலி என்றெல்லாம் எழுத வேண்டும், படிக்க வேண்டும், கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும். குழியோ ஊருக்கு ஒதுக்குப்புறம். வைப்பகமும் அலுவலகமும் இருப்பது நகரில். அங்கே மிதிவண்டி கைகொடுத்தது. குடுமியான்மலைப் பக்கத்துக் கல்லுடைக்கும் பெண்கள் பலர் வண்டியோட்டிகளாக இருந்ததற்கு இதுவே கரணியம். எழுத்து, வண்டி, குத்தகை ஆகிய மூன்றும் தனித்தனியே வந்திருந்தால் ஒவ்வொன்றும் ஒரு வேடிக்கையாக முடிந்திருக்கும். சேர்ந்து வந்தமையால், கட்டைவிரல் மை வைத்தவள் கணக்கேட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் படித்தாள்.

இவை யாவும் ஆட்சியரின் அருளால் நடந்தவை என்று சொல்பவர் உண்டு. அவர் பங்கு பெரிதுதான். அதைக் குறைத்துச் சொல்வது நன்றியில்லாமை. ஆனால் ஆட்சியர்கள் மாற்றலாகிப் போவார்கள். போன பிறகும் அப்பெண்கள் வண்டியினின்று இறங்கவில்லை. 1992இல் கொடி கட்டிய ஊர்வலத்தைப் பார்த்த சிறுமிக்கு, மிதிவண்டி பெண்ணுக்கும் உரியது என்பது ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதாக இருக்கவில்லை. தமிழ்நாட்டரசு மேல்நிலைப் பள்ளி மாணவியர்க்கு விலையின்றி மிதிவண்டி தரும் திட்டத்தை இதற்குச் சில ஆண்டுகள் கழித்தே, 2001இல், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியரிடமிருந்து தொடங்கிற்று. வடக்கே பீகாரிலும் 2006இல் பள்ளிச் சிறுமியர்க்கு மிதிவண்டித் திட்டம் வந்தது. அரசுகள் பின்னர்த் திட்டமாக்கியதைப் புதுக்கோட்டைப் பெண்கள் கடன் வாங்கியும் விழுந்து எழுந்தும் முன்பே செய்து காட்டியிருந்தார்கள்.

இனிக் கசப்பான ஒரு செய்தி. 1992ஆம் ஆண்டிலேயே புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. குறிப்பிட்ட அகவை எல்லைக்குள் உள்ளவர்களை மட்டும் கணக்கிட்டுச் செய்த அறிவிப்பு அது. அந்த எல்லைக்கு மேற்பட்ட பாட்டிமார் அதில் இல்லை. பழகாத எழுத்து மறந்தும் போகும். படிக்க நூலும் எழுதத் தேவையும் இல்லாத இடத்தில் ஓராண்டில் மறந்துபோகும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மாவட்டப் பெண்களின் எழுத்தறிவு நூற்றுக்கு ஏறத்தாழ 69. அதாவது, முழு எழுத்தறிவு என்று முரசறைந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் பத்துப் பெண்களில் மூவர் தம் பெயரைத் தமிழில் படிக்க இயலாதவர். ஏழடிப்பட்டத்துக் கல்வெட்டைக் காணச் செல்லும் தமிழன்பர்களின் வண்டி அவர்கள் தெரு வழியேதான் போகிறது.

1991இல் அந்தப் பெண்களிடம் இருந்தவை மிகச் சில. மாலையில் ஒரு விளக்கு, ஒரு கரும்பலகை, ஊதியம் கேளாமல் வந்து உட்கார்ந்த பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி. ஊருக்கு ஒன்றோ இரண்டோ இரவல் மிதிவண்டி.